பழைய மோட்டார்ஹோமைக் குறைந்த செலவில் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சினும் வீடும் ஒரே உடம்பில் இருக்கும் வண்டிதான் மோட்டார்ஹோம். இருபது வருடம் ஓடிய ஒன்றை வாங்கி, பெரும்பாலான வேலைகளை என் கையாலேயே செய்து முடித்தேன். அதைப் பார்த்தவர்களும், பழைய வண்டி வாங்கிவிட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பழைய வண்டி ஒன்று வாங்கிவிட்டேன். முதலில் எதில் கைவைப்பது?

கூரையில். உள்ளே எவ்வளவு அழுக்காக இருந்தாலும் சரி, முதலில் ஏணி போட்டு மேலே ஏறிப் பாருங்கள்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். அலமாரிகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்தேன், மெத்தைக்குப் புது உறை தைத்தேன், கட்டிலுக்குப் பின்னால் புதுப் பலகை ஒட்டினேன். அடுத்த மழைக்காலம் முடிந்தபோது அந்தப் புதுப் பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போனது. மழைநீர் மேல்மூலையில் இறங்கி, சுவருக்குள் இருந்த மரச்சட்டத்தை உளுக்க வைத்திருந்தது. ஒட்டிய பலகை, அடித்த பெயின்ட் எல்லாவற்றையும் பிய்த்தெறிந்துவிட்டு மறுபடி தொடங்கினேன். ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவு.

அதனால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் மழைநீர் உள்ளே வராமல் தடுப்பது. அடுத்தது உயிருக்கு ஆபத்தானவை, அதாவது பிரேக், டயர், கேஸ். பிறகு மின்சாரமும் தண்ணீரும். அழகு கடைசியில். குறைந்த பணத்தில் வண்டியைக் காப்பாற்றியவர்கள் எல்லாரும் மலிவான சாமான் வாங்கியவர்கள் அல்ல. இந்த வரிசையை மீறாதவர்கள்.

மழைநீர் இறங்கியிருப்பதை வாங்கும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பூட்டிக் கிடந்த வண்டியின் கதவைத் திறந்த உடனே முகர்ந்து பாருங்கள். ஈர மரத்துக்கும் பூஞ்சைக்கும் ஒரு தனி வாடை உண்டு. விற்பவர் எல்லா ஜன்னல்களையும் முன்கூட்டியே திறந்து வைத்திருந்தாலோ, வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலோ இன்னொரு நாள் சொல்லாமல் போய்ப் பார்ப்பது நல்லது. மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது.

பிறகு உள்ளங்கையால் சுவரை அழுத்திக்கொண்டே வாருங்கள். மேல்மூலைகள், ஜன்னலுக்குக் கீழே, கூரை ஜன்னலைச் சுற்றி, மேல் அலமாரிகளின் உட்புறம், மெத்தைக்குப் பின்னால், கதவடித் தரை, சக்கர வளைவுகள். நல்ல சுவர் கெட்டியாக இருக்கும். கெட்ட சுவர் அட்டைபோல் அமுங்கும். ஒரே ஒரு மூலையில் மட்டும் புதுத் தாளோ புதுப் பெயின்டோ இருந்தால் அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள்.

மரத்தில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் ஈரமானி ஒன்றைக் கடன் வாங்கியாவது எடுத்துப் போங்கள். மரத்தில் 15 சதவீதம் வரை காட்டினால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் எங்கோ நீர் வருகிறது என்று பொருள். 30-க்கு மேல் என்றால் உள்ளே மரம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தால் தேடுவது சுலபம். பழைய வண்டிகள் பலவற்றில் சுவர் என்பது மெல்லிய மரச்சட்டம். வெளியே அலுமினியத் தகடு அல்லது ஃபைபர் கிளாஸ், நடுவே வெப்பத்தடுப்பு நுரை, உள்ளே ஒட்டுப்பலகை. தகடுகள் சேரும் மூலையில் ஒரு பட்டை வைத்து, அதன் அடியில் சீலன்ட், அதாவது நீர் புகாமல் இடுக்கை அடைக்கும் பசை பூசி, ஸ்க்ரூ அடித்திருப்பார்கள். வண்டி ஓடும்போது உடம்பு முழுக்க முறுகும். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். வருடங்கள் போகப் போக அந்த சீலன்ட் இறுகி வெடித்துவிடும். வெடிப்பில் புகும் நீர் சட்டத்தின் வழியே ஓடி எங்கோ தூரத்தில் போய்த் தேங்கும். கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அதற்கு மேலே, முன்னே, பின்னே எல்லாம் பாருங்கள்.

ஒழுகும் இடத்தில் சிலிகான் வைத்து அடைத்தால் போதாதா?

போதாது. அதைவிட, அடுத்து வருபவருக்குப் பெரிய தொல்லை. சிலிகான் ஒட்டிய இடத்தில் வேறெந்த சீலன்டும் ஒட்டாது. பழைய சிலிகானின் மேல் புதுச் சிலிகான்கூடச் சரியாக ஒட்டாது. என் வண்டியின் முந்தைய உரிமையாளர் மூலைப் பட்டை முழுக்க சிலிகான் பூசியிருந்தார். அதைச் சுரண்டி எடுக்கவே மூன்று முழு நாள் போனது.

வெளியே மேல்பூச்சாக எதைப் பூசினாலும், பட்டைக்கு அடியில் இருக்கும் செத்த சீலன்ட் அப்படியேதான் இருக்கும். சரியான வழி, பட்டையைக் கழற்றுவது. ஸ்க்ரூக்களை எடுத்து, பழையதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் நீக்கி, இடத்தைத் துடைத்துக் காயவைத்து, பியூட்டைல் நாடா (மெழுகுபோல் மெத்தென்ற ரப்பர் நாடா) ஒட்டி, பட்டையை மறுபடி பூட்டுங்கள். பியூட்டைல் இறுகிப்போகாது, வண்டி முறுகும்போது கூடவே இழுபடும். ஸ்க்ரூவை ஒரே மூச்சில் முறுக்காமல், ஒரு சுற்று போய் வந்து, மறுநாள் இன்னொரு சுற்று முறுக்கினால் நாடா சீராக அமுங்கும். பிதுங்கி வருவதை வெட்டி எடுத்துவிடலாம். துருப்பிடித்த ஸ்க்ரூக்களுக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ போடுங்கள்.

கூரையின் மேல் உள்ள காற்றுத் திறப்புகளையும் ஏணிக் கால்களையும் சுற்றி, தானாகப் பரவி மட்டமாகும் கூரை சீலன்டைப் பூசலாம். கூரை இபிடிஎம் என்ற செயற்கை ரப்பராக இருந்தால் பெட்ரோலிய எண்ணெய் கலந்த எதையும் அதன்மேல் படவிடாதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.

இந்த ஒரு வேலைக்குத் தேவைப்படுவது நாடா, சீலன்ட், பொறுமை. வண்டிக்குச் செய்யும் செலவிலேயே அதிகப் பலன் தருவது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். வருடத்துக்கு இரண்டு முறை மேலே ஏறிப் பார்த்துவிட்டால் பெரும்பாலான வண்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

உளுத்துப்போன மரத்தை எப்படிச் சரிசெய்வது?

ஓட்டையை அடைத்த பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும். அடைத்ததும் உட்பலகையைத் திறந்து காயவிடுங்கள். ஈரநீக்கி இயந்திரம் இருந்தால் கதவு ஜன்னலை மூடி ஓட்டலாம். சில நாளில் காய்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள், வாரக்கணக்கில் ஆகும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் புது மரமும் அதே வழியில் போய்விடும்.

காய்ந்ததும் ஸ்க்ரூடிரைவரால் குத்திக்கொண்டே போய், கெட்டி மரம் வரும்வரை வெட்டி எடுங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்தாலும் இன்னும் ஒரு சாண் தள்ளி வெட்டுவது பாதுகாப்பு. பூஞ்சைத் தடுப்பு மருந்து பூசிய புதுச்சட்டத்தைப் பாலியூரித்தேன் பசையாலும் ஸ்க்ரூவாலும் பழையதோடு இணையுங்கள். எப்பாக்ஸி ஊற்றி மரத்தைக் கெட்டியாக்கும் முறை சின்ன இடங்களுக்கு நல்லது. சுமை தாங்கும் சட்டம் முழுக்கப் பொடியாகியிருந்தால் எப்பாக்ஸி அதைக் காப்பாற்றாது.

தரை நடக்கும்போது தொய்ந்து சத்தம் போடுகிறதா? அது எப்போதும் உளுப்பு அல்ல. பலகைக்கும் நடுவிலுள்ள நுரைக்கும் இடையே பசை விட்டிருக்கலாம். ஈரம் இல்லையென்றால், அந்த இடத்தில் வரிசையாகச் சிறு துளைகள் போட்டு, இதற்கென விற்கும் பிசினை ஊசியால் ஏற்றி, மேலே பலகையும் பாரமும் வைத்து ஒரு நாள் விட்டால் தரை மறுபடி கெட்டியாகும்.

எஞ்சின் நன்றாக ஓடுகிறது, கிலோமீட்டரும் குறைவு. வேறு என்ன பார்க்க வேண்டும்?

குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்று சொல்லிவிட முடியாது. மோட்டார்ஹோம் வருடத்தில் பெரும்பகுதி நின்றுகொண்டே இருக்கும். நிற்பதுதான் ரப்பரையும் பிரேக்கையும் கெடுக்கிறது.

எஞ்சினுக்குள் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கோடு வருடக் கணக்கும் உண்டு. எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சீட்டு இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால், மிதித்தும் பிரேக் பிடிக்காது. பாரமான வண்டிக்கு இது விளையாட்டல்ல. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பிரேக் ஹோஸ், எரிபொருள் குழாய், கூலன்ட் குழாய் எல்லாவற்றையும் வளைத்துப் பார்த்து வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.

பிரேக் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் அதை மெக்கானிக்கிடம் விடுவதே சரி. சுவரில் உங்கள் உழைப்பால் மிச்சம் பிடித்த பணத்தை இங்கே செலவழியுங்கள்.

டயரில் பூ (தரையைப் பிடிக்கும் பள்ளங்கள்) நிறைய இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பூவைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள்தாம் அதன் பிறந்தநாள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே எண்கள் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். அதில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். 5 வருடத்துக்குப் பிறகு வருடாவருடம் சோதிக்க வேண்டும், 10 வருடத்தைத் தாண்டக் கூடாது என்பது தயாரிப்பாளர்கள் பலர் சொல்லும் கணக்கு. முழுப் பாரத்தோடு வெயிலில் நிற்கும் மோட்டார்ஹோம் டயருக்கு நான் அவ்வளவு காலம் கொடுப்பதில்லை. ஏழாவது வருடத்தில் மாற்றிவிடுகிறேன்.

டயரில் உள்ள பார வரம்பு எண் வண்டிக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். சாதாரண ரப்பர் வால்வு சுமார் 4.5 பார் காற்றழுத்தம், அதாவது 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். அதற்கு மேல் காற்றடிக்கும் வண்டிக்கு உலோக வால்வு போட வேண்டும்.

இவ்வளவு பழைய வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்குமா?

அடிவண்டிக்கு, அதாவது எஞ்சினும் சக்கரங்களும் உள்ள பகுதிக்குக் கிடைக்கும். மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் சரக்கு வேன்களின் மேல் கட்டப்பட்டவை. ஃபியட் டுகாட்டோ 1981-இல் வந்தது. பெஜோ, சிட்ரோயன் நிறுவனங்களும் கிட்டத்தட்ட அதே வண்டியைத் தங்கள் பெயரில் விற்றன. 1994 முதல் அவற்றின் பெயர் பாக்ஸர், ஜம்பர். ஒரு பெயரில் கிடைக்காத பாகம் இன்னொரு பெயரில் கிடைக்கும், சில சமயம் குறைந்த விலைக்கும். அதனால் மோட்டார்ஹோம் கடையில் கேட்பதற்கு முன் வேன் உதிரிபாகக் கடையில் கேளுங்கள்.

அடுப்பு, ஹீட்டர், கழிப்பறை, குளிர்பெட்டி ஆகியவற்றைச் சில நிறுவனங்களே எல்லா வண்டிகளுக்கும் செய்து கொடுக்கின்றன. கருவியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். கழிப்பறைப் பெட்டி நாறினால் முழுதாக மாற்றாதீர்கள்; அதன் ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கிடைக்காதவை வீட்டுப் பகுதியின் ஜன்னல்களும் பிளாஸ்டிக் உடற்பாகங்களும்தான். அதற்குப் பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர்களைத் தேட வேண்டும். உடைந்த பம்பர் ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால், அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி, விரிசலின் பின்பக்கம் பூசினால் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தள்ளி இருந்து செய்யுங்கள். அக்ரிலிக் ஜன்னல் பக்கம் மட்டும் அசிட்டோனோ ஸ்பிரிட்டோ போகவே கூடாது. மெல்லிய கீறல் வலைபோல் வெடித்து, திரும்பச் சரியாகாது.

கேஸ் வேலையை நானே செய்யலாமா?

வேண்டாம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது கவனிப்பது. ஹோஸின் மேல் அச்சிட்ட தேதி கடந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ரெகுலேட்டருக்கும் ஆயுள் உண்டு; பொதுவாக 10 வருடம். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியோடு சோதிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அது வெளியேறத்தான் தரையில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். குளிர் வருகிறது, பூச்சி வருகிறது என்று அவற்றை அடைத்துவிட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பூச்சிக்கு வலை கட்டுங்கள், ஓட்டையை மூடாதீர்கள். கேஸ் அலாரத்தைத் தரையருகே மாட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. அந்த வாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். இரண்டும் வேண்டும்.

குளிர்பெட்டி கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் வகை. குளிரவே மாட்டேன் என்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இது உறிஞ்சல் வகை. பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் 1922-இல் கண்டுபிடித்த முறை. இதில் கம்ப்ரசரே கிடையாது. அமோனியாவும் நீரும் ஹைட்ரஜனும் வெப்பத்தால் குழாய்க்குள் சுற்றி வருகின்றன. நீர் தன் எடையாலேயே கீழே இறங்கியாக வேண்டும். அதனால் வண்டி சாய்ந்து நின்றால் ஓட்டம் நின்றுவிடும். முதலில் வண்டியை மட்டமாக நிறுத்தி ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். கெட்டுப்போனது என்று நினைத்த பெட்டி பல முறை இதிலேயே உயிர்பெறும்.

அடுத்து வெளிச்சுவரின் காற்றுத் திறப்புகள். சிலந்திவலையும் தூசியும் அடைத்திருந்தால் பின்புறச் சூடு வெளியேறாது. மேல் திறப்பருகே சிறு 12 வோல்ட் விசிறி ஒன்று மாட்டினால் வெயில் நாளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கேஸில் மட்டும் குளிரவில்லை என்றால் பர்னரில் கரி சேர்ந்திருக்கலாம். அது கேஸ் ஆளின் வேலை. அமோனியா வாடை வந்தாலோ பின்குழாயில் மஞ்சள் படிவு தெரிந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். அந்தப் பெட்டியின் ஆயுள் முடிந்தது.

மின்சாரத்தை மேம்படுத்த வேண்டும். சோலாரா, லித்தியம் பேட்டரியா?

இரண்டுக்கும் முன்னால் பல்பு. பழைய வண்டியில் 10 வாட் ஹாலஜன் பல்புகள் இருக்கும். அதற்குப் பதில் 2 வாட் எல்இடி போட்டால் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமே செலவாகும். சேமிப்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் வகையாக வாங்குங்கள். பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட்டுக்கு மேல் போகும், சாதாரண 12 வோல்ட் எல்இடி சீக்கிரம் எரிந்துவிடும்.

பிறகு ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள். நான்கு விளக்கு, 2 வாட் வீதம், 4 மணி நேரம்: 32 வாட்-மணி. தண்ணீர் பம்பு 50 வாட், நாளுக்குக் கால் மணி நேரம்: 12 அல்லது 13. விசிறி 20 வாட், 8 மணி நேரம்: 160. கைபேசிகளுக்கு 30. மொத்தம் சுமார் 235. கம்ப்ரசர் குளிர்பெட்டி இருந்தால் 45 வாட்டில் நாளுக்கு 9 மணி நேரம் ஓடுவதாக வைத்தால் இன்னும் 405 சேரும்.

100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியைப் பாதி வரைதான் காலி செய்யலாம். அதற்குக் கீழே அடிக்கடி போனால் சீக்கிரம் செத்துவிடும். அப்படியானால் கையில் இருப்பது சுமார் 600 வாட்-மணி. குளிர்பெட்டி இல்லாதவருக்கு இது இரண்டு நாளைத் தாண்டும். அவருக்கு எதற்கு லித்தியம்? கம்ப்ரசர் பெட்டி வைத்திருப்பவருக்கோ ஒரு நாளைக்கே போதாது.

இருக்கிற பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் எதையும் ஓட்டாமல் விட்டு மல்டிமீட்டரை வையுங்கள். 12.7 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. முழுக்க ஏற்றியும் மறுநாளே 12.2-க்கு இறங்கினால் அது முடிந்துபோன பேட்டரி.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியின் எடை பாதிக்கும் குறைவு, கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தலாம், பல மடங்கு ஆண்டு உழைக்கும். ஆனால் பழைய சார்ஜர் அதற்குப் பொருந்தாமல் போகலாம். வண்டியின் ஆல்டர்னேட்டரோடு (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) நேரடியாக இணைத்தால் அது அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும். இடையில், இழுக்கும் மின்சாரத்தை அளவோடு வைக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது. பேட்டரியின் விலையோடு இவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சோலாரில் 100 வாட் பேனல், நல்ல வெயில் நாளில் கூரையில் படுக்கையாக இருந்தால், சுமார் 300 முதல் 400 வாட்-மணி தரும். மேகமூட்டத்திலும் குளிர்காலத்திலும் அதில் சிறு பங்குதான். பேனலின் ஒரு மூலையில் ஏணியின் நிழல் விழுந்தாலே விளைச்சல் வெகுவாகக் குறையும். கூரைக்கும் பேனலுக்கும் இடையே காற்றுப் போக இடம் விடுங்கள். சூடான பேனல் குறைவாகவே தரும். பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைத்துவிட்டுப் பிறகு பேனலை இணைக்க வேண்டும். கழற்றும்போது தலைகீழ் வரிசை. ஒயர் உள்ளே வரப் போடும் ஓட்டை இன்னொரு மழைநீர் வழி, அதை முதலில் அடையுங்கள்.

ஒயர் தடிமனில் பலரும் தவறுகிறார்கள். 12 வோல்ட்டில் 120 வாட் கருவி 10 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், போய்வரும் பத்து மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது ஒயரை. அது இல்லாத தடித்த ஒயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் வண்டியே பற்றிக்கொள்ளும்.

தண்ணீர்க் குழாய்களில் என்ன செய்வது?

யாரும் குழாயைத் திறக்காதபோது பம்பு அவ்வப்போது ஒரு நொடி உறுமி அடங்குகிறதா? எங்கோ கசிகிறது. டிஷ்யூ தாளை ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றி வைத்து மறுநாள் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

டேங்கைக் கழுவ, வாசனை கலக்காத வீட்டு பிளீச்சை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி வீதம் கலந்து நிரப்பி, எல்லாக் குழாய்களிலும் வாடை வரும்வரை திறந்துவிட்டு, நான்கு மணி நேரம் விட்டு, வாடை போகும்வரை அலசுங்கள். ஃபில்டரை முன்பே கழற்றிவிடுங்கள். சுடுநீர்க் கலத்துக்குத் தண்ணீர் போகாமல் திருப்பிவிட முடிந்தால் திருப்பிவிடுங்கள். எஃகுக் கலம் என்றால் உள்ளே தேய்வதற்கென்றே ஒரு உலோகக் கம்பி இருக்கும். முக்கால்வாசி தேய்ந்திருந்தால் அதை மாற்றினால் போதும், கலம் தப்பிக்கும்.

உள்ளே புதுப்பிப்பதற்கு மலிவான வழி?

பெயின்ட்தான். அலமாரிக் கதவுகளில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் மரம் அல்ல, மரம்போல் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பை எடுத்து, வழுக்கும் பரப்புக்கென உள்ள பிரைமர் பூசி, பிறகு பெயின்ட் அடியுங்கள். பிரைமரை விட்டுவிட்டால் நகம் பட்டாலே உரியும். 1980-களுக்கு முந்தைய வண்டி என்றால் தரை ஓடுகளிலும் வெப்பத் தடுப்பிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சோதிக்காமல் தேய்க்காதீர்கள்.

இடம் பெரிதாக வேண்டும் என்று உயரமான அலமாரியைப் பிடுங்கிவிடாதீர்கள். பல வண்டிகளில் கூரையைத் தாங்குவதும் சுவர் முறுகாமல் பிடிப்பதும் அதுதான்.

எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

கண்டிப்பாக. எல்லா வேலையும் முடிந்தபின் தண்ணீர், எரிபொருள், சாமான், ஆட்களோடு எடைமேடையில் ஏற்றுங்கள். முன்அச்சு, பின்அச்சு தனித்தனியாகவும் பாருங்கள். மொத்தம் சரியாக இருந்தும் பின்அச்சு மட்டும் மீறியிருக்கும் வண்டிகள் நிறைய. ஐரோப்பாவின் பழைய வண்டிகள் பல 3,500 கிலோ வரம்பில் பதிவானவை. நான்கு பேர் ஏறி 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே வரம்பு நெருங்கிவிடும். தரைக்குப் பீங்கான் ஓடு, கனமான ஒட்டுப்பலகை எல்லாம் வீட்டுக்குச் சரி. பயணத்தின்போது தண்ணீரைக் கால் டேங்க் மட்டும் வைத்திருப்பது செலவே இல்லாத எடைக்குறைப்பு.

எந்த நிலையில் வண்டியை விட்டுவிட வேண்டும்?

அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால். கூரைச்சட்டமும் இரண்டுக்கு மேற்பட்ட சுவர்களும் உளுத்திருந்தால். இரண்டையும் சரிசெய்ய முடியும், ஆனால் அது புது வண்டி கட்டுவதற்குச் சமம். குறைந்த செலவில் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எஞ்சின் போயிருந்தால்கூட நான் இவ்வளவு தயங்க மாட்டேன். ஓடும் நிலையில் இன்னொரு எஞ்சின் கிடைக்கும், காய்ந்த சுவர்கள் கடையில் கிடைக்காது.

வண்டி நிற்கும் மாதங்களில் எப்படி வைப்பது?

டேங்க், குழாய், பம்பு, சுடுநீர்க் கலம் எல்லாவற்றிலிருந்தும் தண்ணீரை இறக்கிவிட்டு, குழாய்களைத் திறந்தே விடுங்கள். உறைபனி விழும் இடத்தில் மிச்சமிருக்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் போதும் பம்பின் தலையைப் பிளக்க. கேஸ் சிலிண்டரை மூடுங்கள். குளிர்பெட்டிக் கதவை ஒருக்களித்து வையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். மெத்தைகளைச் சுவரிலிருந்து தள்ளி நிமிர்த்தி வையுங்கள். பேட்டரியைக் கழற்றி வைத்து மாதம் ஒரு முறை சார்ஜ் செய்யுங்கள். கை பிரேக்கைப் போட்டு வைக்காமல் சக்கரத்துக்கு முட்டுக்கொடுங்கள், பிரேக் ஒட்டிக்கொள்ளாது. பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே ஈரம் அடைபடும். காற்றுப் போகும் உறையாக இருக்கட்டும். மாதம் ஒரு முறை வண்டியைச் சில அடி நகர்த்தி டயர் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். அன்றைக்கே ஈரமானியையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஏறி, மேல்மூலைகளின் அளவைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். சென்ற மாதத்தைவிட எண் ஏறியிருந்தால், ஏணியை எடுங்கள்.